தேக்கு நிறத் தகடு பிறந்த கதை

அஸ்தினாபுரத்தில் ராஜேந்திர பிரசாத் சாலையை ஒட்டிய தெருக்களில் புதிதாக எழும்பும் அடுக்குமாடிக் குடியிருப்புகளின் முகப்பைப் பாருங்கள். பால்கனிக்குப் பக்கத்திலோ படிக்கட்டுச் சுவரிலோ, தேக்குப் பலகை பதித்த மாதிரி ஒரு பட்டை கீழிருந்து மொட்டைமாடி வரை ஏறும். பல இடங்களில் அது மரமே இல்லை. நம் வெயிலிலும் ஐப்பசி மழையிலும் நிஜத் தேக்கைப் பராமரிப்பது கட்டுப்படியாகாது. அதனால் எலிவேஷன் வேலைக்காரர்கள் ‘வுட் ஃபினிஷ்’ ஏசிபி (அலுமினியக் கூட்டுத் தகடு) ஷீட்டை மாட்டிவிடுகிறார்கள்.

இந்த ஷீட்டை 1969இல் அலுசுவிஸ், பிஏஎஸ்எஃப் என்ற இரண்டு ஐரோப்பிய நிறுவனங்கள் சேர்ந்து ‘அலுகோபாண்ட்’ என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்தன. மெல்லிய அலுமினியத் தகட்டைப் பெரிய சுவரில் பொருத்தினால் நெளியும். தடிமனைக் கூட்டினால் எடையும் விலையும் ஏறும். இதற்குக் கண்ட வழி, அரை மில்லிமீட்டர் தகடு இரண்டுக்கு நடுவே பாலிஎத்திலீன் பிளாஸ்டிக்கை வைத்து ஒட்டுவது. மொத்தம் 4 மில்லிமீட்டர். சதுர மீட்டருக்கு ஐந்தரை கிலோதான். பின்பக்கம் ரவுட்டரால் ஒரு பள்ளம் கீறினால் கையாலேயே மடக்கிவிடலாம். தகட்டின் மேல் எந்த நிறமும் ஏறும், மர ரேகையும் ஏறும். அருமையான கண்டுபிடிப்புதான்.

ஆபத்து நடுவில் இருக்கிறது. பால் கவர் எந்த வகைப் பிளாஸ்டிக்கோ, அதே வகை. எரிந்தால் எடைக்கு எடை பெட்ரோலுக்கு ஈடான வெப்பத்தைக் கக்கும். கனமான மர உத்தரம் எரியும்போது மேலே கரி படிந்து உள்மரத்தைக் கொஞ்சம் காக்கும். அந்தக் கரி நிமிடத்துக்குச் சுமார் முக்கால் மில்லிமீட்டர்தான் உள்ளே போகும். இந்தப் பிளாஸ்டிக்கோ உருகி, எரியும் சொட்டுகளாகக் கீழ்மாடியில் விழும். ஷீட்டை நேராகச் சுவரில் ஒட்டுவதில்லை, ஃப்ரேம் அடித்து மாட்டுகிறார்கள். பின்னால் இருக்கும் அந்த இடைவெளி புகைபோக்கியாகி நெருப்பை மேலே இழுக்கும்.

2014 நவம்பரில் மெல்போர்னின் லக்ரோஸ் குடியிருப்பில், எட்டாவது மாடி பால்கனியில் ஒரு சிகரெட் துண்டிலிருந்து பிடித்த தீ, இதே வகை ஷீட் வழியே கால் மணி நேரத்துக்குள் உச்சி மாடியைத் தொட்டது. அங்கே உயிர்கள் தப்பின. 2017 ஜூன் 14 அன்று லண்டன் கிரென்ஃபெல் டவரில் தப்பவில்லை. நான்காவது மாடிச் சமையலறையில் தொடங்கிய தீ, புதுப்பிக்கும்போது போர்த்திய ஷீட் வழியே ஏறி 72 பேரைக் கொன்றது. அடுத்த ஆண்டே இங்கிலாந்து, 18 மீட்டரைத் தாண்டிய புதிய குடியிருப்புகளின் வெளிச்சுவரில் எரியும் பொருளுக்குத் தடை போட்டது. அந்தத் தடையில் நிஜ மரமும் சேர்த்தி.

நமக்கு இந்தப் பாடம் புதிதல்ல. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளியில் கீற்றுக் கொட்டகை தீப்பிடித்து 94 குழந்தைகள் போனார்கள். அதற்குப் பிறகுதான் பள்ளிகளிலிருந்து கீற்றை இறக்கினோம். இப்போது இன்னொரு எரியும் போர்வையை, அது எரியும் என்றே தெரியாமல், நாமே காசு கொடுத்துச் சுவரில் மாட்டுகிறோம். தமிழ்நாட்டு விதிப்படி 18.30 மீட்டரைத் தாண்டினால்தான் உயர்மாடிக் கட்டடம். நம் பக்கத்து மூன்று, நான்கு மாடிகள் அதற்குக் கீழே அடங்கிவிடும். ஆனால் ஸ்டில்ட் பார்க்கிங்கில் இபி மீட்டர் பெட்டியும் சார்ஜ் ஏறும் ஸ்கூட்டரும் நிற்கும் மூலைக்கு நேர் மேலே அந்தத் தேக்குப் பட்டை தொடங்கினால் எனக்கு வயிறு கலங்குகிறது.

இதே ஷீட்டுக்குத் தம்பி ஒன்று உண்டு. நடுவில் பெரும்பங்கு தாதுப்பொடி கலந்தது. சூடானால் நீராவியை விட்டுத் தீயை மட்டுப்படுத்தும். வெளியே பார்த்தால் வித்தியாசம் தெரியாது, நடுப் பகுதியின் நிறத்தை நம்பியும் பயனில்லை. எடை சொல்லும்: 4 மில்லிமீட்டரில் சதுர மீட்டருக்கு ஏழரை கிலோவை ஒட்டி வரும். ஃப்ளாட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்குமுன் வெட்டிய துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கி எடை போடுங்கள். தீச் சோதனைச் சான்றிதழையும் பில்லையும் கேளுங்கள். பில்டர் இழுத்தடித்தால், எல்லோரும் இறங்கி ஓட வேண்டிய படிக்கட்டுச் சுவரிலாவது ஷீட் வேண்டாம் என்று எழுதி வாங்குங்கள். அங்கே சிமென்ட் பூச்சும் பெயின்ட்டும் போதும்.