பெரியப்பாவின் தமிழும் சுவீடன் பெட்டியும்

ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் அதிகம், அதான் இந்தப் பக்கம் வர முடியலை. போன மாசம் நடந்த ஒரு கூத்து. அதைச் சொல்றதுக்கு கொஞ்சம் பழைய கொசுவத்தி சுத்தியாகணும், பொறுத்துக்கோங்க.

எங்க பெரியப்பா தமிழ் வாத்தியாரா இருந்து ரிட்டையர் ஆனவர். கரிசக்காட்டு வட்டாரச் சொற்களைச் சேக்குறது அவரோட பைத்தியம். நோட்டுல எழுதி வச்சிருந்ததுல பாதியைக் கரையான் தின்னுடுச்சு. அதுக்கப்புறம்தான் 2006ல எங்க அண்ணன் ஒருத்தர் அவருக்கு வேர்ட்பிரஸ்ல ஒரு தளம் போட்டுக் கொடுத்தார். இன்னைக்கு அதுல 1,400 சொற்களுக்கு மேல இருக்கு. வேற எங்கயும் நகல் கிடையாது.

'ஒரு பேக்கப் பிளகின் போட்டுடுவோம் பெரியப்பா'ன்னு நான்தான் ஆரம்பிச்சேன். பிளகின் என்ன சொல்லுச்சுன்னா, "உங்க சர்வர்ல பிஎச்பி 5.6 இருக்கு, எனக்கு 7.4 வேணும்." சரி, புது சர்வருக்கு மாத்துவோம்னு பொட்டி தட்டுறவன் திமிரோட இறங்கிட்டேன்.

இந்த இடத்துல வரலாறு. பிஎச்பியை உருவாக்கியவர் ராஸ்மஸ் லெர்டார்ஃப். 1995ல் அவர் வெளியிட்டபோது அதன் பெயர் 'பர்சனல் ஹோம் பேஜ் டூல்ஸ்', அதாவது சொந்தப் பக்கத்துக்கான கருவிகள், அவ்வளவுதான். பிறகு இஸ்ரேலில் படித்துக்கொண்டிருந்த ஸீவ் சுராஸ்கி, ஆண்டி குட்மன்ஸ் இருவரும் உள்ளே புகுந்து அதைத் திருத்தி எழுத, 1998ல் பிஎச்பி 3, 2000ல் பிஎச்பி 4 வந்தது. உலகத்துல பாதி தளம் இந்த 4ன் மேல்தான் எழும்பி நின்னுச்சு.

2004 ஜூலையில் பிஎச்பி 5 வந்தது. ஆப்ஜெக்ட்களைக் கையாளும் முறையே மாறிடுச்சு. நல்ல மாற்றம்தான். ஆனா யாரும் ஏறலை. ஏன்? சர்வர் வாடகைக்கு விடுறவங்க, "ஏத்தினா வாடிக்கையாளர் தளம் உடையும், மென்பொருள் எழுதுறவங்க முதல்ல 5 வேணும்னு கேக்கட்டும்"ன்னாங்க. மென்பொருள் எழுதுறவங்க, "சர்வர்ல எல்லாம் 4 தானே இருக்கு, 5 வேணும்னு கேட்டா யார் எங்களைப் பயன்படுத்துவா?"ன்னாங்க. பைத்தியம் தெளிஞ்சாத்தான் கல்யாணம், கல்யாணம் ஆனாத்தான் பைத்தியம் தெளியும்ங்கற கதை. இப்படியே மூணு வருஷம்.

இந்த முடிச்சை அவிழ்த்தது 2007ல் வந்த 'கோ பிஎச்பி 5' என்ற கூட்டு முயற்சி. துருபல், பிஎச்பிமைஅட்மின், டைப்போ 3, சிம்ஃபனி போன்ற திட்டங்கள் கைகோத்து, 2008 பிப்ரவரி 5க்குப் பிறகு வரும் புது வெளியீடுகளுக்கு பிஎச்பி 4 போதாதுன்னு ஒரே குரல்ல அறிவிச்சாங்க. தனியா ஒருத்தர் சொன்னா அவர் கடைக்குத்தான் நட்டம். எல்லாரும் சேர்ந்து சொன்னா சர்வர்காரர் வழிக்கு வந்துதானே ஆகணும்? அதே 2007 ஜூலையிலேயே பிஎச்பி குழுவும் 4க்கு நாள் குறிச்சது. கடைசி வெளியீடான 4.4.9, 2008 ஆகஸ்டில் வந்ததோட கதை முடிஞ்சது.

வேர்ட்பிரஸ் மட்டும் அந்தக் கூட்டணியில் சேரலை. பிஎச்பி 5ஐ அவங்க கட்டாயமாக்கினது 2011 ஜூலையில், 3.2 பதிப்பில். கேட்டது 5.2.4. வேடிக்கை என்னன்னா, அந்த 5.2 வரிசைக்கான ஆதரவு அதே வருஷம் ஜனவரியிலேயே முடிஞ்சிடுச்சு! அப்புறம் 2019 மே மாசம் வரைக்கும் அந்தக் குறைந்தபட்ச வரம்பு நகரவே இல்லை. நடுவுல 2017ல் யோஸ்ட் எஸ்இஓ பிளகின், பழைய பிஎச்பி வச்சிருக்கறவங்க நிர்வாகப் பக்கத்துலயே 'மாத்துங்கய்யா'ன்னு அறிவிப்பு காட்ட ஆரம்பிச்சது. 2019ல் வேர்ட்பிரஸே அந்த வேலையைச் செய்தது.

அவங்க பிடிவாதத்தை நான் ரொம்ப நாள் கிண்டல் பண்ணியிருக்கேன். போன மாசம் கொஞ்சம் புரிஞ்சது.

புது சர்வர்ல பிஎச்பி 8, மைஎஸ்கியூஎல் 8. தளத்தைத் திறந்தா வெள்ளைத் திரை. அண்ணன் அந்தக் காலத்துல கையால எழுதின ஒரு குட்டி பிளகின்ல பழைய மைஎஸ்கியூஎல் ஃபங்ஷன்கள். அவை 2015ல் பிஎச்பி 7 வந்தப்பவே நீக்கப்பட்டவை. அதை மாத்தி எழுதினேன். தளம் வந்துச்சு. ஆனா தமிழைக் காணோம்! எழுத்துக்கு எழுத்து, தலையில கொம்பு வச்ச ஐரோப்பிய எழுத்துங்க.

பெரியப்பா போன்ல கேட்டது ஒரே கேள்வி: "எல்லாம் போச்சாடா தம்பி?"

"இல்ல பெரியப்பா, நீங்க ஒண்ணும் பயப்படாதீங்க, இருக்கு"ன்னேன். எனக்கே அப்ப உறுதியா தெரியாது.

ராத்திரி ரெண்டு மணிக்குத்தான் விஷயம் புரிஞ்சது. மைஎஸ்கியூஎல் சுவீடன்ல பிறந்தது. அதனால பழைய பதிப்புகள்ல எதுவும் சொல்லலைன்னா எழுத்துமுறை லத்தீன் 1, அகரவரிசை சுவீடன் வரிசை! வேர்ட்பிரஸ் அமைப்புக் கோப்புல எழுத்துமுறையைக் குறிக்கிற வரி வந்ததே 2007ல், 2.2 பதிப்பில். அண்ணன் தளம் போட்டது 2006. ஆக பெரியப்பாவோட யூனிகோட் தமிழ் இத்தனை வருஷமா 'சுவீடன்' பெட்டிக்குள்ள இருந்திருக்கு. 'தமிழ்'ங்கற சொல்லுக்கு 15 பைட். பெட்டி அதை 15 லத்தீன் எழுத்துன்னு நெனச்சு வாங்கும், அப்படியே திருப்பித் தரும். ரெண்டு தப்பு சேர்ந்து ஒரு சரி. 2018ல் வந்த மைஎஸ்கியூஎல் 8ல் அந்த முன்னிருப்பு யுடிஎஃப்8எம்பி4ன்னு மாறிடுச்சு. புது சர்வர் ரொம்பப் பொறுப்பா அந்த 'லத்தீனை' யூனிகோடுக்கு மொழிபெயர்த்துக் கொடுத்திருக்கு. ஒரு தப்பைத் திருத்தினதும் இன்னொரு தப்பு வெளிய வந்துடுச்சு.

தீர்வு சின்னதுதான். நேரா மாத்தச் சொன்னா குப்பையே நிரந்தரமாகிடும். முதல்ல அந்தப் பத்திகளை வெறும் பைனரியா மாத்தணும், அப்ப சர்வர் எதையும் மொழிபெயர்க்காது. அப்புறம் 'இது யுடிஎஃப்8எம்பி4'ன்னு பேர் மாத்தணும். அமைப்புக் கோப்புலயும் அதையே எழுதணும். பழைய சர்வரை மூடாம வச்சிருந்ததால நகல்ல ஒத்திகை பார்த்துட்டு செஞ்சேன். முதல்ல கண்ணுல பட்ட சொல் 'கடகாப்பெட்டி'. நிஜமாவே கண்ணு கலங்கிடுச்சு.

காலையில பெரியப்பாகிட்ட சொன்னப்ப அவர் சொன்னார்: "ஓலைச்சுவடியும் அப்படித்தான்டா. பழசு இத்துப் போறதுக்குள்ள புது ஓலையில பெயர்த்து எழுதணும். எழுதுறவன் பாடத்தைக் கெடுக்காம எழுதணும். எழுதாம விட்டது செல்லுக்குப் போச்சு."

பதிப்பு மாத்துறதுன்னா எனக்கு அதுவரைக்கும் நம்பர் ஏத்துறது மட்டும்தான். ஏடு பெயர்த்து எழுதுற வேலைன்னு இப்பதான் தெரியுது.

டிஸ்கி: அந்த பேக்கப் பிளகின் இப்ப ஒழுங்கா ஓடுது. அதுக்காகத்தானே இவ்வளவும்! உங்க வீட்டுப் பெரியவங்க தளம் ஏதாவது இருந்தா, இன்னைக்கே ஒரு நகல் எடுத்து வைங்க மக்களே. சர்வர் மாத்துறது அப்புறம்.