சவுக்குக் கம்பும் ஸ்டே கம்பியும்

மலருக்கு "டெக்னிக்கலா ஏதாவது எழுது, ஆனா எல்லாருக்கும் புரியணும்" என்று கேட்டார்கள். எல்லோரும் பார்த்த, ஆனால் அதிகம் பேர் கவனிக்காத ஒன்றை எடுத்துக்கொண்டேன்: வீட்டு ஏரியல் கம்பத்தைச் சுற்றிலும் இழுத்துப் பிடிக்கும் ஸ்டே கம்பி.

எனக்கு ஊர் குயிலாப்பாளையம். செம்மண் மேடு, கிழக்கே இறங்கினால் பொம்மையார்பாளையம், அதற்கப்பால் கடல். இன்று மாடியில் நின்று பார்த்தால் டிஷ் தட்டுகளும் செல்போன் கோபுரங்களும்தான் தெரியும். முன்பெல்லாம் அப்படி இல்லை. ஒரு வீடு எவ்வளவு தூரத்துக் குரலைக் கேட்க ஆசைப்பட்டது என்பதை அதன் கம்பத்தின் உயரமே சொல்லிவிடும்.

இந்தக் கதை சென்னையில் தொடங்குகிறது. மாநகராட்சியில் மின் பொறியாளராக இருந்த சி.வி. கிருஷ்ணசாமி செட்டியின் முயற்சியால் 1924 மே மாதம் சென்னை மாகாண ரேடியோ கிளப் உருவாகி, ஜூலை 31 அன்று ஒலிபரப்பைத் தொடங்கியது. இந்தியாவில் அரசு வானொலி வருவதற்கு முன்பே ஆர்வலர்கள் செய்த காரியம் இது என்பது குறிப்பிடத்தக்கது. பணமில்லாமல் 1927-ல் கிளப் மூடப்பட்டது. 1930 ஏப்ரலிலிருந்து மாநகராட்சியே ஒலிபரப்பியது. 1938 ஜூனில் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் திறக்கப்பட்டது.

அந்த நிலையங்களைத் தொலைவிலிருந்து கேட்க வேண்டுமானால், வால்வு ரேடியோவுக்கு வெளியே நீளமான கம்பி ஏரியல் தேவை. நம் கடற்கரையில் கம்பத்துக்கா பஞ்சம்? சவுக்குத் தோப்பில் நேராக வளர்ந்த இரண்டு மரம் போதும். ஆனால் அவற்றுக்கிடையே கட்டிய ஏரியல் கம்பியே இரண்டையும் உள்பக்கம் இழுக்கும். அதனால் ஒவ்வொன்றுக்கும் முதுகுப்பக்கம் ஒரு ஸ்டே கட்டினார்கள். படிப்பில்லாதவரும் செய்த சரியான இன்ஜினியரிங்! இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவையைப் பல வீடுகள் கேட்டது இப்படித்தான். 1967-ல் புதுச்சேரியிலேயே வானொலி நிலையம் வந்தது. ஃபெரைட் தண்டு ஏரியலை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு டிரான்சிஸ்டரும் வந்தது. சவுக்குக் கம்புகள் அடுப்புக்குப் போயின.

இரண்டாவது முறை கம்பம் எழுந்தது டி.வி.க்காக. சென்னை தூர்தர்ஷன் தொடங்கியது 1975 ஆகஸ்ட் 15. எங்கள் ஊருக்கும் சென்னைக்கும் நேர்கோட்டில் சுமார் 130 கிலோமீட்டர். டி.வி. அலை ஏறக்குறைய பார்வைக்கோட்டில்தான் போகும். ஒரு கம்பம் எட்டிப் பார்க்கும் தூரத்துக்கு எளிய கணக்கு உண்டு: உயரத்தின் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்கினால் கிலோமீட்டர். 100 மீட்டர் கோபுரம் 41 கிலோமீட்டர் பார்க்கும். 16 மீட்டர் கம்பம் 16 கிலோமீட்டர். இரண்டையும் கூட்டினாலும் பாதி வழிதான். கம்பத்தை நான்கு மடங்கு உயர்த்தினால்தான் அது பார்க்கும் தூரம் இரண்டு மடங்காகும். ஆனாலும் "இன்னும் ஒரு பைப் சேத்துப் பாருப்பா" என்ற குரல் எந்தத் தெருவில் கேட்கவில்லை?

1982 பிப்ரவரியில் இலங்கையில் ரூபவாஹினி தொடங்கியது. அதன் முக்கியக் கோபுரம் 2,524 மீட்டர் உயரமுள்ள பீதுருதாலகால மலைமேல். அந்தச் சிகரமே சுமார் 207 கிலோமீட்டர் பார்க்கும். காற்று அசையாத நாட்களில் கடல்மேல் படியும் ஈரக்காற்று அடுக்கு அலையை வளைத்து இன்னும் தூரம் கொண்டுவரும். தென் கடலோர ஊர்களில் கம்பங்கள் தெற்கு நோக்கித் திரும்பியதன் ரகசியம் இதுவே. 1984-ஐ ஒட்டி நாடெங்கும் ரிலே நிலையங்கள் பெருகின. பிறகு கேபிள் வந்தது. நிலையம் கிட்டே வர வர கம்பம் குட்டையானது.

கம்பங்கள் விழுந்த கதைக்கு வருவோம். ஒரு 12 மீட்டர் பைப்பின் உச்சியில் காற்று பக்கவாட்டில் 50 கிலோ எடைக்குச் சமமாகத் தள்ளுவதாக வைத்துக்கொள்வோம். ஸ்டேயை அடியிலிருந்து 8 மீட்டர் தள்ளிக் கட்டினால் கம்பியில் 90 கிலோ இழுவிசை. இடமில்லை என்று 3 மீட்டரில் கட்டினால் 206 கிலோ! அதோடு போகாது, அதே கம்பி பைப்பைக் கீழ்நோக்கி 200 கிலோ அழுத்தும். பைப் நடுவில் வளைந்து மடிவது இதனால்தான். பழி என்னவோ புயல் மேல். மூன்று திசையில் சமமாக இழுத்தாலே போதும். நம் ஊரில் நான்கு கட்டுவது மாடிக்கு நான்கு மூலை இருப்பதால். ஆனால் ஒற்றைச் செங்கல் கைப்பிடிச்சுவர் இழுவிசை தாங்கக் கட்டியதல்ல.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையேறியபோது காற்று மணிக்கு 140 கிலோமீட்டரைத் தொட்டது. அந்த வேகத்தில் ஒரு சதுர மீட்டருக்கு 90 கிலோவுக்கு மேல் அழுத்தம். இரண்டங்குலப் பைப் மேல் மட்டுமே 60 கிலோவுக்குக் குறையாது, ஆன்டெனா தனி. இதைவிட மோசமானது மழை. எங்கள் செம்மண் காய்ந்தால் பாறை, ஊறினால் களி. 2024 நவம்பர் கடைசியில் ஃபெங்கல் புயலின்போது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் பெய்தது. காற்று அதிகமாக இழுக்கும் நேரமும் மண் அதிகமாக நெகிழும் நேரமும் ஒன்றே. எனவே அடித்த முளையை நம்பக்கூடாது; ஆழமாகக் குழி வெட்டி, குறுக்கே கல்லோ கான்கிரீட் கட்டையோ புதைத்து, அதிலிருந்து கம்பி எடுக்க வேண்டும்.

பெரிய இடத்திலும் இதே பாடுதான். போலந்தில் 646 மீட்டர் உயரத்தில் நின்ற வார்சா வானொலிக் கம்பம் அன்று உலகிலேயே உயரமான கட்டுமானம். 1991 ஆகஸ்ட் 8 அன்று ஸ்டே கம்பிகளை மாற்றிக்கொண்டிருந்தபோது சாய்ந்து நொறுங்கியது. அதற்கு முந்தைய ஆண்டுதான் நம் திருநெல்வேலி விஜயநாராயணத்தில் ஐ.என்.எஸ். கட்டபொம்மன் கடற்படை நிலையம் தொடங்கப்பட்டது. நீர்மூழ்கிக் கப்பல்களுக்குச் செய்தி அனுப்பும் அதன் 471 மீட்டர் கம்பமும் கம்பிகளின் பிடியில்தான் நிற்கிறது.

இனி இதெல்லாம் எதற்கு என்று தம்பிமார் கேட்கலாம். 2004 டிசம்பர் 26 சுனாமியில் அந்தமானின் தொடர்பு அறுந்தபோது, ஹாம் ரேடியோவுக்காக போர்ட் பிளேர் போயிருந்த பாரதி பிரசாத் குழுவினர்தான் அங்கிருந்து செய்திகளை வெளியே அனுப்பினார்கள். புயல் முடிந்த மறுநாள், செல்போன் ஊமையாகும்போது, தேர்வெழுதி லைசென்ஸ் வாங்கிய ஒரு ஹாமின் கம்பம் நின்றிருந்தால் ஒரு ஊரே பேசலாம். நம் பகுதியில் அப்படி நிற்க வேண்டிய கம்பங்கள் இன்னும் வரவில்லை என்பது என் ஆதங்கம். இறுதியாண்டு மாணவர்கள் ப்ராஜெக்ட் தேடி அலைகிறார்களே, இதோ ஒன்று.

கட்டுகிறவர்களுக்குச் சில வார்த்தை. கம்பம் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் மின்சாரக் கம்பியில் படாத இடமாகத் தேர்ந்தெடுங்கள். பைப்பைத் தூக்கும்போது லைனில் பட்டு உயிர்கள் போயிருக்கின்றன. நைலான் கயிறு வெயிலில் சில வருஷத்தில் உதிரும், முறுக்கிய ஜி.ஐ. ஸ்டே வயரே மேல். யூ கிளாம்ப்பின் வளைவு மடக்கிவிட்ட முனைமேல் இருக்க வேண்டும். சுமை தாங்கும் கம்பிமேல் அதன் தட்டைப் பக்கம்தான் உட்கார வேண்டும். ஈ.பி. கம்பத்து ஸ்டேயில் முட்டை மாதிரி ஒரு பீங்கான் பார்த்திருப்பீர்கள். மின்சாரம் கீழே இறங்காமல் தடுப்பது அது. இரண்டு கம்பி வளையமும் அதில் ஒன்றுக்குள் ஒன்று கோத்திருப்பதால், பீங்கான் உடைந்தாலும் கம்பி அறுந்து விழாது. ஹாம்கள் அதையே போட்டு ஸ்டேயைத் துண்டு துண்டாகப் பிரிப்பார்கள், ஸ்டேயும் ஒரு ஏரியலாக மாறி அலையைக் கெடுக்காமலிருக்க.

ஐப்பசி மழைக்கு முன் ஒருமுறை எல்லா கிளாம்ப்பையும் இறுக்கி, டர்ன் பக்கிளுக்கு கிரீஸ் வைத்து, மண்ணுக்குள் போகும் இடத்தில் துரு இருக்கிறதா என்று தோண்டிப் பாருங்கள். முதலில் அறுவது பெரும்பாலும் அந்த இடம்தான்.