ஆட்டு ரத்தத்தில் பிறந்த ஆர்.ஏ. டெஸ்ட்

"எனக்கு ஆர்.ஏ. பாசிட்டிவ்ங்க." திருவண்ணாமலைப் பக்கம் மூட்டுவலிக்காரர்கள் பேச்சில் இது சகஜமாகிவிட்டது. முடக்குவாதம் உறுதியாகிவிட்டது என்ற அர்த்தத்தில்தான் சொல்கிறார்கள். கேட்பவரும் அப்படியே எடுத்துக்கொண்டு முடக்கத்தான் தோசைக்குப் பக்குவம் சொல்ல ஆரம்பித்துவிடுகிறார். 'நெகட்டிவ்' வந்தவரோ, விரல் கணுவெல்லாம் வீங்கிக் கிடந்தாலும், "ஒண்ணும் இல்லையாம்" என்று நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடுகிறார். இரண்டு பேர் நினைப்பதும் தப்பு. ஏன் தப்பு என்று புரிய, இந்தச் சோதனை பிறந்த கதையைத் தெரிந்துகொண்டால் போதும். முடக்குவாதத்தைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று யாரும் உட்கார்ந்து இதை உருவாக்கவில்லை. வேறு எதையோ பார்க்க வைத்த கண்ணாடிக் குழாயில் அழையாமல் வந்து நின்றது இது.

இந்த ஊரில் மூட்டுவலிக்குக் காரணம் கேட்டால் மலையைக் காட்டுவார்கள். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையை வெறுங்காலோடு சுற்றினால் யாருக்குத்தான் முழங்கால் வலிக்காது? அது நடந்த அலுப்பு. வயதானவர்களுக்கு அதோடு குருத்தெலும்பு தேய்மானமும் சேர்ந்திருக்கும். ஓய்வெடுத்தால் தணியும். முடக்குவாதம் வேறு ரகம். பெரும்பாலும் விரல் கணுக்களிலும் மணிக்கட்டிலும், இரண்டு கையிலும் ஒருசேரத் தொடங்கும். ஓய்வெடுத்தால் இறுக்கம் கூடும். கோபுர வாசலில் பூக் கட்டும் பெண் ஒருவருக்கு இது வந்தால், விடியற்காலையில் நாரை முடிச்சுப் போட விரல் மடங்காது. வெந்நீரில் கையை வைத்து, வெயில் ஏறி மணி ஒன்பது பத்து ஆன பிறகுதான் கை அவர் சொன்னபடி கேட்கும். ஆண்களைவிடப் பெண்களுக்கு இந்த நோய் இரண்டு மூன்று மடங்கு அதிகம்.

சோதனையைப் பக்கத்தில் போய்ப் பார்த்துவிடலாம். சின்ன ஆய்வகங்களில் கறுப்பு வட்டங்கள் போட்ட ஒரு தட்டு இருக்கும். ரத்தத்தைச் சுழற்றி, செல்களெல்லாம் அடியில் தங்கியதும் மேலே தெளிந்து நிற்கும் மஞ்சள் நிற சீரத்தில் ஒரு சொட்டு எடுத்து வட்டத்துக்குள் விடுவார்கள். பிரிட்ஜிலிருந்து ஒரு குப்பியை எடுத்து நன்றாகக் குலுக்கி, அதிலிருந்து ஒரு வெள்ளைச் சொட்டு. குச்சியால் கலக்கி, தட்டைக் கையில் வைத்து இரண்டு நிமிடம் இப்படியும் அப்படியும் சாய்ப்பார்கள். வெள்ளை வெள்ளையாகவே இருந்தால் நெகட்டிவ். கறுப்புப் பின்னணியில் திரிதிரியாகத் திரண்டால் பாசிட்டிவ். பெரிய ஆய்வகங்களில் இதையே இயந்திரம் அளந்து எண்ணாகக் கொடுக்கிறது. அந்த வெள்ளைத் திரவம் என்ன, ஏன் திரள்கிறது என்பதுதான் கதை.

கதை ஆடுகளிலிருந்து தொடங்குகிறது. ஜெர்மனியில் பால் எர்லிச்சும் மார்கன்ராத்தும் 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஒரு வெள்ளாட்டின் உடம்பில் மற்ற வெள்ளாடுகளின் சிவப்பணுக்களைச் செலுத்திப் பார்த்தார்கள். அந்த ஆட்டின் சீரம் பிற ஆடுகளின் அணுக்களை உடைத்தது. தன் சொந்த அணுக்களைத் தொடவில்லை. உடம்பு தன்னையே தாக்கிக்கொள்ளாது, அதற்கு அப்படி ஓர் அச்சம் உண்டு என்று எர்லிச் முடிவு கட்டினார். பெரிய மனிதர் சொன்னால் மறுபேச்சு ஏது? 1904-லேயே வியன்னாவில் டொனாத்தும் லாண்ட்ஸ்டைனரும், குளிர் பட்டதும் தன் சிவப்பணுக்களைத் தானே அழித்துக்கொள்ளும் நோயாளிகளைக் காட்டிவிட்டார்கள். ஆனாலும் உடம்பு தனக்கே பகையாகும் என்ற எண்ணத்தை மருத்துவ உலகம் பல பத்தாண்டுகள் ஓரமாகவே வைத்திருந்தது. முடக்குவாதத்துக்கு எங்கோ ஒரு கிருமிதான் காரணமாக இருக்கும் என்று நம்பி, சொத்தை இல்லாத பல்லையும் பழுதில்லாத டான்சிலையும் பிடுங்கி எறிந்த காலம் அது.

1937. நார்வே நாட்டு மருத்துவர் எரிக் வாலர் ஒரு நோயாளியின் சீரத்தை அக்கால வழக்கப்படி சோதித்துக்கொண்டிருந்தார். மேகநோய்க்கான வாசர்மன் சோதனையைப் போன்ற அந்த வகைச் சோதனைகளில், செம்மறி ஆட்டின் சிவப்பணுக்களை எடுத்து, அவற்றுக்கு எதிராக முயல் உடம்பில் உண்டாக்கிய ஆன்டிபாடியைப் பூசி வைத்திருப்பார்கள். அணுக்கள் உடைந்து குழாய் முழுக்கச் செந்நிறமாகத் தெளிந்தால் ஒரு முடிவு. உடையாமல் அடியில் படிந்தால் இன்னொரு முடிவு. இந்த இரண்டில் ஒன்றுதான் நடக்க வேண்டும். வாலரின் குழாயில் இரண்டும் நடக்கவில்லை. அணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டி கட்டியாகத் திரண்டன. அந்தச் சீரம் ஒரு முடக்குவாத நோயாளியுடையது.

இது மாதிரி நேர்ந்தால் 'ஏதோ கெட்டுப்போச்சு' என்று குழாயைக் கழுவி வைப்பதுதான் வழக்கம். வாலர் கழுவவில்லை. முயல் ஆன்டிபாடி பூசாத வெறும் ஆட்டு அணுக்களோடு அதே சீரத்தைக் கலந்து பார்த்தார். அந்த அளவுக்குத் திரளவில்லை. அப்படியானால் நோயாளியின் சீரத்தில் உள்ள ஏதோ ஒன்று ஆட்டு அணுவைப் பிடிக்கவில்லை, அதன்மேல் பூசிய ஆன்டிபாடியைப் பிடிக்கிறது. மற்ற முடக்குவாதக்காரர்களின் சீரத்திலும் இது அடிக்கடி தென்பட்டது. 1940-இல் ஸ்காண்டிநேவிய ஆய்விதழ் ஒன்றில் எழுதினார். அந்த ஏப்ரலில் ஹிட்லரின் படை நார்வேக்குள் நுழைந்தது. ஆட்டு ரத்தம் திரள்வதைப் பற்றிப் படிக்க யாருக்கு நேரம் இருந்தது?

எட்டு ஆண்டு கழித்து நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஹாரி ரோஸும் சார்லஸ் ராகனும் அவர்களுடைய குழுவும் அதே விஷயத்தை மறுபடி கண்டார்கள். 1948-இல் அதை வெளியிட்டு, பூசிய அணுக்கள் எவ்வளவு திரள்கின்றன, பூசாதவை எவ்வளவு என்று ஒப்பிடும் முறையாக்கிக் கொடுத்தார்கள். வாலர்–ரோஸ் சோதனை என்று பெயர் நிலைத்தது.

1948 முடக்குவாதத்துக்கு விசேஷமான வருஷம். அந்தச் செப்டம்பரில்தான் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஃபிலிப் ஹென்ச் ஒரு பெண்ணுக்கு கார்ட்டிசோன் ஊசி போட்டு, நடக்கத் திணறியவர் சில நாளில் நடமாடுவதைப் பார்த்தார். இரண்டே ஆண்டில் நோபல் பரிசும் வந்தது. நம் பக்கத்து ஆள் ஒருவரும் இந்த வருஷத்தில் வருகிறார். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ், கதர் அங்கியோடு வகுப்புக்குப் போனதால் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். கிடைக்காமல் எல்.எம்.எஸ். பட்டத்தோடு வெளியேறியவர். அமெரிக்காவில் லெடர்லி ஆய்வகத்தில் அவர் தலைமையில் உருவான அமினோப்டெரினை 1948-இல் சிட்னி ஃபார்பர் ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பலன் கண்டார். அதே ஆண்டு ஆகஸ்டில் சுப்பாராவ் இறந்துபோனார். அந்த மருந்தின் தம்பியான மெதோட்ரெக்சேட்தான் இன்று உலகம் முழுக்க முடக்குவாதத்துக்கு முதலில் எழுதும் மாத்திரை. வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் போட வேண்டியது. தெரியாமல் தினம் போட்டால் உயிருக்கே ஆபத்து.

சோதனைக்குத் திரும்பலாம். ஆட்டு ரத்தத்தைப் புதிதாக எடுத்துக் கழுவி வைத்திருப்பது தொல்லை. இன்றைய அணு நாளைக்கு அதே மாதிரி நடந்துகொள்ளாது. 1956-இல் நியூயார்க் மருத்துவர்கள் ஜாக் சிங்கரும் சார்லஸ் பிளாட்ஸும் ஆட்டையும் முயலையும் ஒரே நேரத்தில் விடுவித்தார்கள். கண்ணுக்குத் தெரியாத பாலிஸ்டைரீன் உருண்டைகள் மேல் மனித ஆன்டிபாடியைப் பூசினார்கள். முடக்குவாதச் சீரம் பட்டதும் அவை திரண்டன. ஆய்வகக் குப்பியிலிருந்து விழும் வெள்ளைச் சொட்டு அதுதான். ஆரணியிலும் செங்கத்திலும்கூட இரண்டு நிமிடத்தில் இந்தச் சோதனையை முடிக்க முடிவது இவர்களால்.

திரட்டும் பொருள் என்ன என்று ராக்பெல்லர் நிறுவனத்தில் ஹென்றி குங்கெலும் எட்வர்ட் ஃபிராங்க்ளினும் 1957-ஐ ஒட்டிப் பிரித்துக் காட்டினார்கள். அதுவும் ஓர் ஆன்டிபாடிதான். கிருமியைப் பிடிக்க உடம்பு செய்யும் ஐஜிஜி என்ற ஆன்டிபாடிக்கு இரண்டு கை, ஒரு வால். கை கிருமியைப் பிடிக்கும். ஆர்.ஏ. ஃபேக்டர் என்பது அந்த வாலைப் பிடிக்கும் இன்னோர் ஆன்டிபாடி. பெரும்பாலும் ஐஜிஎம் வகை. ஐஜிஎம்முக்குப் பத்துக் கை உண்டு. ஒரே நேரத்தில் பல உருண்டைகளைப் பற்றி, பூக்களை நார் கோப்பதுபோல் கோத்துவிடும். ஆன்டிபாடிக்கே ஆன்டிபாடி! எர்லிச் நடக்காது என்று சொன்னது குழாய்க்குள் கண்ணெதிரே நடந்துகொண்டிருந்தது. முடக்குவாதம் உடம்பின் சொந்தப் பகை என்ற எண்ணம் வேரூன்றியதில் இந்தச் சோதனைக்குப் பெரிய பங்கு உண்டு.

இங்கேதான் சிக்கலும் இருக்கிறது. இந்த ஆன்டிபாடி முடக்குவாதத்துக்கு மட்டும் சொந்தமில்லை. உடம்பில் ஒரு கிருமி நாள்பட்டுத் தங்கினால், கிருமியோடு ஒட்டிக்கிடக்கும் ஐஜிஜி குவியல்களை அப்புறப்படுத்த ஆர்.ஏ. ஃபேக்டர் உதவுகிறது. அதனால் காசநோயிலும், ஹெபடைடிஸ் சி-யிலும், இதய வால்வில் கிருமி தங்கினாலும், தொழுநோயிலும் இது பாசிட்டிவாக வரலாம். 1989 வரை திருவண்ணாமலை இருந்த வட ஆர்க்காடு மாவட்டம் தொழுநோய் மிகுந்த பகுதி. காரிகிரி தொழுநோய் ஆய்வு மையம் 1955-இல் எழுந்ததும் இதே மாவட்டத்தில்தான். இந்த மண்ணில் இரண்டு நிமிடத் திரட்சியை மட்டும் பார்த்து முடிவு சொல்வது எவ்வளவு அபத்தம்!

ஒரு கணக்குப் போடலாம். டெல்லியை அடுத்த பல்லப்கர் கிராமப் பகுதியில் மாளவியா குழு நடத்தி 1993-இல் வெளியான ஆய்வில் பெரியவர்களில் 0.75 சதவீதம் பேருக்கு முடக்குவாதம் இருந்தது. கிரிவலக் கூட்டத்தில் கண்ணை மூடிக்கொண்டு 1,000 பேரைப் பிடித்து ஆர்.ஏ. பார்ப்பதாக வைத்துக்கொள்வோம். அதே விகிதம் இங்கும் என்றால் ஏழெட்டுப் பேருக்கு நோய். அவர்களில் ஐந்தாறு பேர் பாசிட்டிவ். மீதிப் பேர் நோயிருந்தும் நெகட்டிவ். ஆரோக்கியமானவர்களிலேயே நூற்றுக்கு நாலைந்து பேருக்கு, முதியவர்களில் இன்னும் கூடுதலாக, இது பாசிட்டிவாக வரும் என்பதால், நோயில்லாத 40, 50 பேரும் பாசிட்டிவ். அறிகுறி எதுவும் இல்லாமல் 'முழு உடல் பரிசோதனை'யில் ஆர்.ஏ.-வையும் சேர்த்து விற்பது நோயைவிடப் பயத்தைத்தான் அதிகம் கண்டுபிடிக்கும் என்பது என் கருத்து.

இன்னும் கூர்மையான சோதனைக்காக ஆய்வாளர்கள் அலைந்த வழியும் விநோதமானது. 1964-இல் நெதர்லாந்தில் நீன்ஹுயிஸும் மாண்டெமாவும் முடக்குவாதச் சீரம் மனிதக் கன்னத்தின் உட்புறச் செல்களில் ஒட்டுவதைக் கண்டார்கள். எல்லார் கன்னமும் இதற்கு ஒத்துவராது என்பதால் சோதனை பரவவில்லை. எது ஒட்டவைக்கிறது என்று தெரிய 1998 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. புரதத்தில் உள்ள ஆர்ஜினின் என்ற துண்டை உடம்பின் ஒரு நொதி சிட்ருலினாக மாற்றுகிறது; அந்த மாற்றத்தைத்தான் நோயெதிர்ப்பு மண்டலம் அந்நியன் என்று நினைக்கிறது என்று நைமேகன் நகரக் குழு காட்டியது. சிட்ருலின் முதலில் பிரித்தெடுக்கப்பட்டது தர்பூசணிச் சாற்றில். அதற்காகத் திண்டிவனம் சாலைக் கடைகளில் பழம் சாப்பிடப் பயப்பட வேண்டாம். தின்னும் சிட்ருலினுக்கும் இதற்கும் தொடர்பில்லை. புகைபிடிப்பதற்குத்தான் தொடர்பு உண்டு.

சிட்ருலினாக மாறிய புரதத்துக்கு எதிரான ஆன்டிபாடியைத் தேட இப்படி வந்த சோதனைதான் ஆன்டி-சிசிபி. முடக்குவாதம் இல்லாதவர்களிடம் இது பாசிட்டிவாக வருவது குறைவு. நெதர்லாந்து ரத்த தானக்காரர்களின் பழைய ரத்தத்தை எடுத்துப் பார்த்தபோது, பின்னால் நோயாளியானவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு முதல் வலிக்குச் சில ஆண்டுகள் முன்னரே இந்த வகை ஆன்டிபாடிகள் இருந்தது தெரிந்தது. ஆனாலும் சிசிபி நெகட்டிவான முடக்குவாதமும் உண்டு.

2010-இல் அமெரிக்க, ஐரோப்பிய மூட்டு மருத்துவச் சங்கங்கள் சேர்ந்து வகுத்த மதிப்பெண் முறையில் பத்துக்கு ஆறு எடுத்தால் முடக்குவாதம். ரத்தத்தில் ஆர்.ஏ., சிசிபி எவ்வளவு எகிறியிருந்தாலும் அதிகபட்சம் மூன்றுதான். மூட்டு வீக்கத்துக்கு ஐந்து வரை உண்டு. ஆறு வாரத்துக்கு மேல் நீடித்தால் ஒன்று, அழற்சியைக் காட்டும் ஈ.எஸ்.ஆர். அல்லது சி.ஆர்.பி. கூடியிருந்தால் ஒன்று. பாசிட்டிவ் காகிதம் மட்டும் வைத்திருப்பவர் இதில் தேறமாட்டார். இரண்டு சோதனையும் நெகட்டிவாக வந்து, சிறு மூட்டுகள் உட்படப் பத்துக்கு மேல் ஆறு வாரம் தாண்டியும் வீங்கிக் கிடப்பவர் தேறிவிடுவார்.

ஆகவே விரல் கணு வீங்கி, காலையில் கை மடங்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகி, அது ஆறு வாரம் தாண்டியும் விடவில்லையென்றால், ரிப்போர்ட் என்ன சொன்னாலும் மூட்டு நோய் நிபுணரைப் பாருங்கள். திருவண்ணாமலையிலிருந்து சுமார் 80 கிலோமீட்டரில் வேலூர் சி.எம்.சி. இருக்கிறது, புதுச்சேரி ஜிப்மரிலும் சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் இதற்கெனத் தனித் துறைகள் இருக்கின்றன. முதல் சில மாதத்துக்குள் மருந்து ஆரம்பித்தால் எலும்பு அரிப்பைப் பெரும்பாலும் தடுத்துவிடலாம். அரித்த பிறகு போனால், அரித்தது அரித்ததுதான்.