மறையுரையும் நாவன்மையும்: புனித அகுஸ்தினாரின் பார்வை

ஞாயிறு திருப்பலி முடிந்து வெளியே வரும்போது, "சாமி இன்று நல்ல பிரசங்கம் வைத்தார்" என்கிறோம். நன்றாகப் பேசும் கலையோ திருச்சபையில் பிறந்ததன்று. கிரேக்க, உரோமை நீதிமன்றங்களிலும் அரசவைகளிலும் வளர்ந்தது அது. கொரிந்தியருக்கு எழுதிய புனித பவுலடியார், நாவன்மையைத் தாம் நம்பி வரவில்லை என்கிறார். அப்படியானால் மறையுரையாளர் அக்கலையைத் தொடலாமா?

இதற்கு விடை சொல்லத் தகுதியானவர் புனித அகுஸ்தினார். கார்த்தேஜ், உரோமை, மிலான் நகர்களில் பேச்சுக்கலை கற்பித்தே பிழைத்தவர் அவர். மானிக்கேயர்களின் ஆயரான பவுஸ்து என்பவரின் இனிய பேச்சைக் கேட்டார். உள்ளே சரக்கு இல்லை என்று கண்டார். 384-இல் மிலான் வந்து, ஆயர் அம்புரோசியாரின் மறையுரையைக் கேட்கப் போனார். பேச்சு எப்படி என்று எடைபோடத்தான் போனார். பவுஸ்துவைப் போல மயக்கும் பேச்சு இல்லை, ஆனால் கல்வி ஆழம் மிகுதி என்பது அவர் கணிப்பு. சொல்லழகை மட்டும் இரசிக்கப் போனவரின் உள்ளத்தில் பொருளும் சேர்ந்தே நுழைந்துவிட்டது. 386-இல் ஆசிரியர் பணியை விட்டார். 387 பாஸ்கா திருவிழிப்பில் திருமுழுக்குப் பெற்றார்.

பின்னர் ஆயராக இருந்து அவர் எழுதியது 'கிறிஸ்தவப் போதனை' என்னும் நூல். ஏறத்தாழ 396-இல் தொடங்கி, நடுவில் நிறுத்தி, 426 அளவில் முடித்தார். அதன் நான்காம் பகுதி முழுவதும் மறையுரை பற்றியது. பொய்யர்கள் இனிமையாகப் பேசும்போது உண்மையைச் சொல்பவர் மட்டும் கேட்போர் தூங்கும்படி பேச வேண்டுமா என்று கேட்கிறார். கற்பித்தல், மகிழ்வித்தல், மனத்தை அசைத்தல் என்ற மூன்று நோக்கங்களையும் சிசரோவிடமிருந்தே தயக்கமின்றி எடுத்துக்கொள்கிறார். ஆனால் திறக்க உதவாத பொற்சாவியைவிட, திறக்கும் மரச்சாவியே மேல் என்பது அவர் நிலை. கோவிலில் மக்கள் எழுந்து கேள்வி கேட்க முடியாது. எனவே மறையுரையாளர் அவர்கள் முகத்தைப் பார்த்து, புரியும்வரை வேறு வேறு விதமாகச் சொல்ல வேண்டும், புரிந்ததும் அடுத்ததற்குப் போய்விட வேண்டும் என்கிறார். நம் பங்குகளில் இந்த இரண்டாம் பாதி அடிக்கடி மறந்துபோகிறது!

தம் அனுபவம் ஒன்றையும் சொல்கிறார். இன்றைய அல்ஜீரியாவின் செர்செல் நகர் அன்று செசரியா எனப்பட்டது. அங்கே ஆண்டுதோறும் சில நாள்கள் ஊரே இரண்டாகப் பிரிந்து கல்லெறிந்து சண்டையிடும். உறவினர், உடன்பிறந்தோர், தந்தை மகன் என்றுகூடப் பாராமல் ஒருவரையொருவர் கொல்வார்கள். 418-இல் அங்கு சென்ற அகுஸ்தினார், இவ்வழக்கத்தைக் கைவிடுமாறு தம் முழுத் திறமையையும் காட்டிப் பேசினார். மக்கள் ஆர்ப்பரித்தனர். அப்போது தம் பேச்சு பலித்ததாக அவர் எண்ணவில்லை. அவர்கள் கண்ணீர் விட்டபோதுதான் எண்ணினார். அதன்பின் எட்டு ஆண்டுகளுக்கு மேலாகியும் அச்சண்டை திரும்பவில்லை என்று எழுதுகிறார்.

நூலின் இறுதியில் ஒரு சலுகையும் தருகிறார். நன்றாக எடுத்துரைக்கத் தெரிந்தும் சொந்தமாக மறையுரை இயற்ற இயலாதவர்கள், பிறர் எழுதியதை மனப்பாடம் செய்து பேசலாம். அது திருட்டாகாது, சொல்வதை வாழ்ந்து காட்டும்வரை.