மன்னாரில் தொடங்கும் மலைநாட்டு வழி

பண்பாட்டுச் சின்னங்களைக் கண்டு களிக்கும் நோக்குடன் இலங்கைக்கு வரும் பயணி செல்லும் வழி இன்று ஏறத்தாழ வரையறுக்கப்பட்ட ஒன்றாகும். கட்டுநாயக்காவில் வந்திறங்கும் அவர், அநுராதபுரத்துத் தாதுகோபங்களையும் பொலனறுவைச் சிலைகளையும் கண்டு, சிகிரியாக் குன்றில் ஏறி, தம்புள்ளைக் குகைகளைத் தரிசித்து, கண்டியிலே தலதா மாளிகையை வணங்கி, நுவரெலியாவின் தேயிலைச் சரிவுகளைப் படம்பிடித்துக்கொண்டு திரும்புகிறார். அநுராதபுரம், பொலனறுவை, கண்டி ஆகிய மூன்றையும் முனைகளாகக் கொண்ட பண்பாட்டு முக்கோணத் திட்டம் 1980இல் யுனெஸ்கோ நிறுவனத்தின் ஆதரவுடன் ஆரம்பிக்கப்பட்டது. 1982இல் அநுராதபுரம், பொலனறுவை, சிகிரியா என்பனவும், 1988இல் கண்டியும், 1991இல் தம்புள்ளையும் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்ந்தன. மலை சூழ்ந்த பௌத்த நாடொன்றின் மாண்பு இவ்வாறு ஒரு சுற்றுப்பயணமாக வகுக்கப்பட்டுவிட்டது.

இச்சுற்றுப்பயணப் படத்தில் மன்னாருக்கு இடமில்லை. ஆயின், வரலாற்றை நோக்குமிடத்து, மலைநாட்டுக்குச் செல்லும் பழைய வழிகளுள் தலையாய ஒன்று மன்னார்க் கரையிலேயே தொடங்கிற்று என்பது புலனாகும். அவ்வழியே வந்தோர் யாவர், அவருள் எவரை நாம் பயணி என மதித்தோம், எவரை மறந்தோம் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மன்னார்த் தீவுக்கு எதிரே, பெருநிலப்பரப்பில் அமைந்துள்ள மாந்தை, பாளி நூல்களில் மகாதித்த எனவும் தமிழில் மாதோட்டம் எனவும் வழங்கிற்று. அநுராதபுர அரசின் பெருந்துறைமுகம் இதுவே. அநுராதபுரத்தைத் தழுவி வடமேற்காக ஓடிவரும் மல்வத்து ஓயா, தமிழர் நாவில் அருவியாறு எனப் பெயர்பெற்று, இக்கரையிலேயே கடலொடு கலக்கின்றது. ஆற்றையும் அதனை அடுத்துச் சென்ற பாதையையும் பற்றிக்கொண்டு வணிகரும் துறவியரும் படைவீரரும் உள்நாட்டுக்குச் சென்றனர். சம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதீச்சரம் இத்துறையின் அருகே உள்ளது. சோழராட்சியின்போது மாதோட்டம் இராசராசபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்றதையும், தாழிகுமரன் என்பான் அங்கே இராசராச ஈசுவரம் என்னும் கோயிலை எடுப்பித்ததையும் கல்வெட்டொன்று கூறுகின்றது.

1980 முதல் 1984 வரை மாந்தையில் நடைபெற்ற அகழாய்வு, போரின் காரணமாக இடையில் நின்றுபோயிற்று. எனினும், அங்குக் கிடைத்த சீன மட்பாண்டங்களும் மேற்காசிய மட்பாண்டங்களும் அத்துறையின் பரந்த தொடர்பை உணர்த்தின. அகழ்ந்தெடுத்த மண்ணிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட தாவர எச்சங்களைப் பற்றிய ஆய்வு 2018இல் வெளிவந்தபோது, அவற்றுள் மிளகும் கராம்பும் இருந்தமை தெரியவந்தது. கராம்பு இந்தோனேசியத் தீவுகளுக்கே அக்காலத்தில் உரியது. ஆதலின், உலகின் கீழ்க்கோடியும் மேற்கோடியும் சந்தித்த ஒரு வாசலாக மாந்தை விளங்கிற்று எனலாம். அநுராதபுரத்தின் பெருமையைப் பேசுவோர் அதன் வாசலைப் பேசாது விடுதல் வீட்டைக் கண்டு படலையைக் காணாமை போன்றதாகும்.

வணிகமும் படையெடுப்புமன்றி, காணும் ஆவலால் மட்டுமே மலையை நாடியோரும் இக்கடலோரத்துக்கு வந்ததுண்டு. மொறொக்கோ நாட்டு யாத்திரிகரான இபின் பதூதா 1344இல் மாலைதீவிலிருந்து வந்து, மன்னாருக்குத் தெற்கே புத்தளத்தில் இறங்கினார். அங்கு அவரை வரவேற்றவர் முத்துக்குளிப்பின் வருவாயைத் தம் கையில் வைத்திருந்த ஆரியச்சக்கரவர்த்தி. என்ன வேண்டும் என மன்னர் வினவியபோது, பாதமலையைத் தரிசிப்பதே தம் விருப்பம் என்றார் அவர். மன்னர் பல்லக்கும் வழித்துணையாட்களும் கொடுத்து அனுப்பிவைத்தார். பௌத்தர் ஸ்ரீபாதம் என்றும், சைவர் சிவனொளிபாதம் என்றும், இசுலாமியர் ஆதம் பாதம் என்றும் போற்றும் அம்மலைக்கு ஓர் இசுலாமியர் செல்ல, ஒரு தமிழ் மன்னர் வழிசெய்தமை நம் வரலாற்றின் அழகிய காட்சிகளுள் ஒன்றாகும்.

இதற்கு நேர்மாறான பயணம் ரொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயருடையது. 1660இல் கொட்டியாரக் குடாவிலே கண்டியரசனின் ஆட்களால் பிடிக்கப்பட்ட அவர், ஏறத்தாழ 19 ஆண்டுகள் மலைநாட்டுச் சிற்றூர்களிற் கைதியாக வாழ்ந்தார். தொப்பி பின்னி விற்றும் நெல் கடன்கொடுத்தும் காலங்கழித்த அவர், சிறு வணிகர் வேடத்தில் வடக்கு நோக்கி நகர்ந்து, 1679இல் ஒரு தோழருடன் மல்வத்து ஓயாவின் கரையோரக் காட்டின் வழியே நடந்து, ஒல்லாந்தர் வசமிருந்த அரிப்புக் கோட்டையை அடைந்தார். மன்னார் அவருக்கு விடுதலையின் வாசலாயிற்று. 1681இல் இலண்டனில் வெளிவந்த அவரது நூல், மலைநாட்டையும் அதன் மக்களையும் ஐரோப்பாவுக்கு விரிவாக அறிமுகஞ் செய்தது. இன்றைய சுற்றுலா வழிகாட்டிகளும் அந்நூலை எடுத்தாளத் தவறுவதில்லை.

இபின் பதூதாவும் நொக்ஸும் எழுதினர், ஆதலால் நினைக்கப்படுகின்றனர். எழுதாது நடந்தோர் இலட்சக்கணக்கானோர். அவர்களின் வரலாறே இவ்வழியின் நெஞ்சமாகும்.

1815இல் கண்டியரசு பிரித்தானியர் வசமானது. 1820களிலிருந்து மலைச்சரிவுகளிற் கோப்பிச் செய்கை பரவத் தொடங்கி, 1830களின் பிற்பகுதியிலிருந்து பெருகிற்று. மதுரை, திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், இராமநாதபுரம், புதுக்கோட்டை, சேலம் முதலிய பகுதிகளிலிருந்து வறுமையாலும் பஞ்சத்தாலும் சாதிக்கொடுமையாலும் உந்தப்பட்ட மக்கள், கங்காணிமாரின் முன்பணத்தைப் பெற்றுக்கொண்டு புறப்பட்டனர். இராமநாதபுரக் கரையோரத் துறைகளிலிருந்து தோணியேறிய அவர்கள், தலைமன்னார், பேசாலை, வங்காலை, அரிப்பு ஆகிய இடங்களில் இறங்கினர். அங்கிருந்து மாத்தளை வரை ஏறத்தாழ 250 கிலோமீற்றர் தூரம். வடபாதை எனப்பட்ட அவ்வழியை அவர்கள் நடந்தே கடந்தனர்.

நீர் அரிதான வரண்ட காடு அது. வாந்திபேதியும் அம்மையும் மலைக்காய்ச்சலும் அவர்களை வழியெங்கும் தொடர்ந்தன. நடக்க இயலாதோர் பாதையோரத்திலேயே விடப்பட்டனர். பிற்பட்ட காலத்திற் கிணறுகளும் தங்குமடங்களும் மருத்துவ நிலையங்களும் ஆங்காங்கே அமைக்கப்பட்டனவாயினும், அதற்கு முன் மாண்டவர்கள் பல்லாயிரவர். அத்தொகையைப் பற்றி ஆய்வாளர் இன்றும் வாதிடுகின்றனர். எத்தனை மூடை கோப்பி ஏற்றுமதியாயிற்று என்பது ஆண்டுவாரியாகக் கணக்கிடப்பட்டிருக்க, அதனைப் பறிக்க வந்தவர்களில் எத்தனைபேர் பாதையில் வீழ்ந்தனர் என்பது வாதத்துக்குரிய பொருளாக எஞ்சியமை அவ்வாட்சியின் இயல்பை நன்கு காட்டும்.

இவ்விடத்து ஓர் உண்மையை ஊன்றி நோக்குதல் வேண்டும். மன்னாரிலிருந்து மதவாச்சி வந்து, மிகிந்தலையை அணுகி, தம்புள்ளையையும் நாலந்தாவையும் தாண்டி மாத்தளைக்கு ஏறும் வழியே அம்மக்கள் நடந்த வழி. அதன் பெரும்பகுதியில் இன்று குளிரூட்டப்பட்ட சுற்றுலாப் பேருந்துகள் ஓடுகின்றன. மகிந்த தேரர் தேவநம்பியதீசனைச் சந்தித்ததாகப் போற்றப்படும் மலையைக் கூலியாளரும் கண்டனர். நாலந்தாவிலே தென்னிந்தியக் கோயிற் கலைமரபில் எழுந்த கெடிகே என்னும் கற்றளியின் அருகாக அவர்களும் சென்றனர். திரிபிடகம் ஏட்டில் எழுதப்பட்ட இடம் எனப்படும் அலுவிகாரையைக் கடந்தே மாத்தளையை அடைந்தனர். எனவே பண்பாட்டுச் சுற்றுலாவின் பாதையும் கூலியாளரின் பாதையும் வெவ்வேறல்ல. பாதை ஒன்றே, அதில் ஒருவர் கண்ட காட்சிக்கே பெயருண்டு, மற்றவர் கண்டதற்குப் பெயரில்லை.

சுற்றுலா என்பது நினைவுச் சின்னங்களைக் காண்பதாகும், அம்மக்கள் சின்னம் எதனையும் விட்டுச் செல்லவில்லையே எனச் சிலர் கூறக்கூடும். இது முழுதும் பொருந்தாது. பாதையின் முடிவிலே மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் நிற்கின்றது. அம்மையிலிருந்தும் காய்ச்சலிலிருந்தும் தப்பிவந்தோர்க்கு அவ்வன்னையின் சந்நிதி எத்தகைய ஆறுதலாக இருந்திருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை. பௌத்த மலைநாட்டின் கலைச்செல்வங்களும் தனித்து எழுந்தவையல்ல. 14ஆம் நூற்றாண்டுக்குரிய கடலாதெனிய விகாரையை அமைத்த தலைமைச் சிற்பி கணேசுவராச்சாரி என்பது அங்குள்ள சாசனத்தால் அறியப்படும். கண்டியின் நான்கு தேவாலயங்களுள் ஒன்று, நாம் கண்ணகியென வழிபடும் பத்தினித் தெய்வத்துக்குரியது. மலைக்குச் சென்ற பாதை வாணிபத்தையும் உழைப்பையும் மட்டுமன்றி, தெய்வங்களையும் கலைகளையும் சுமந்து சென்றது.

தோட்டங்களின் பெருக்கத்தால் இன்னலுற்றோர் தமிழர் மட்டுமே எனக் கொள்ளுதலும் தவறாகும். 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டத்தினாற் கண்டியக் குடியானவர் தம் காடுகளையும் சேனை நிலங்களையும் இழந்தனர். 1848இல் மாத்தளையில் வெடித்த கிளர்ச்சியின்போது கொங்காலேகொட பண்டா மன்னனாக முடிசூட்டப்பட்டது தம்புள்ளை விகாரையிலேயே என்பது குறிப்பிடத்தக்கது. நிலமிழந்தவனும் ஊரிழந்தவனும் ஒரே பாதையில், ஒருவரையொருவர் அறியாது, எதிரெதிரே நின்றனர். இருவரையும் அந்நிலையில் நிறுத்திய கை ஒன்றே.

1914இல் பாம்பன் பாலமும் தலைமன்னார்ப் புகையிரதப் பாதையும் திறக்கப்பட்டன. சென்னையிற் புறப்பட்டவர் தனுஷ்கோடியிற் கப்பலேறி, ஏறத்தாழ 22 மைல் கடலைக் கடந்து, தலைமன்னார் இறங்குதுறையில் மீண்டும் புகைவண்டியேறுதல் கூடுவதாயிற்று. கண்டிப் பெரகராவைக் காணவும் அநுராதபுரத்தில் வெள்ளரசை வணங்கவும் வந்த இந்தியப் பயணிகளுக்கு இதனினும் எளிய வழி முன்பு இருந்ததில்லை. ஆயின் அதே கப்பலில் வந்த தோட்டத் தொழிலாளி முதலில் மண்டபம் முகாமிலே தடுத்துவைக்கப்பட்டு, நோய்த்தடுப்புச் சோதனைகளுக்கு உட்பட்ட பின்னரே கடல்கடக்க அனுமதிக்கப்பட்டான். ஒரே துறை, ஒரே கப்பல். ஒருவருக்கு அது விடுமுறை, மற்றவருக்கு அது வாழ்க்கை.

சுதந்திரத்தின் பின் இத்துறை கண்ட காட்சி இன்னும் கொடியது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழருட் பெரும்பான்மையோரை நாடற்றவராக்கிற்று. 1964 ஒக்ரோபரிற் கைச்சாத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களுள் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பகுத்தது. எஞ்சிய 150,000 பேர் 1974இற் சமமாகப் பங்கிடப்பட்டனர். மக்களைக் கேளாது மக்களைப் பங்கிட்ட உடன்படிக்கைகள் இவை. 1964 டிசெம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தபின், கப்பல் இராமேசுவரத்துக்குச் சென்றது. மலையிற் பிறந்து மலையன்றி வேறொன்றும் அறியாத குடும்பங்கள், தட்டுமுட்டுச் சாமான்களுடன் புகைவண்டியேறி, பாட்டனார் இறங்கிய அதே மன்னார்க் கரையிலிருந்து கப்பலேறின. பண்பாட்டு முக்கோணம் வரையப்பட்ட 1980களின் தொடக்கத்திலும் அக்கப்பல் ஓடிக்கொண்டிருந்தது. மலையின் அழகைக் காண உலகம் அழைக்கப்பட்ட அவ்வேளையிலேயே, அவ்வழகை ஆக்கிய கைகள் வெளியேற்றப்பட்டன.

போர் மூண்டபின் கப்பற்சேவை நின்றது. 1990இல் தலைமன்னார்ப் புகையிரதமும் நின்றது. நாடற்றோராய் எஞ்சியிருந்தோரின் குடியுரிமைக்கு 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வழிசெய்தது. 2015 மார்ச்சில் தலைமன்னார் வரை புகையிரதம் மீண்டும் ஓடலாயிற்று.

2023இல், மலையகத் தமிழர் இந்நாட்டுக்கு வந்து 200 ஆண்டுகள் நிறைந்ததாக நினைவுகூரப்பட்டபோது, யூலை மாத இறுதியில் தலைமன்னாரிலிருந்து ஒரு நடைபயணம் தொடங்கிற்று. முன்னோர் சென்ற வழியே நடந்த அவர்கள் ஆகஸ்டு மாதத்தில் மாத்தளையை அடைந்தனர். காணியுரிமை, வீடு, சமத்துவமான குடியுரிமை என்பன அவர்களின் கோரிக்கைகளாயிருந்தன. ஒரு மரபை அறியும்பொருட்டு அதன் தடத்தைக் காலால் அளத்தலே பண்பாட்டுப் பயணமாயின், அண்மைக்காலத்தில் இந்நாட்டில் நிகழ்ந்த பண்பாட்டுப் பயணங்களுள் அதுவே உண்மையானது எனத் துணிந்து கூறலாம்.

முக்கோணத்தின் முனைகளைப் பழித்தல் நம் நோக்கமன்று. அநுராதபுரமும் கண்டியும் அனைவர்க்கும் உரிய செல்வங்கள். ஆயின் அவற்றுக்கு இட்டுச் சென்ற பாதை கடலிலிருந்து தொடங்குகிறது என்பதை வரலாற்று மாணவர் மறத்தல் ஆகாது. மாந்தையில் நின்றுபோன அகழாய்வைத் தொடர்தல், வடபாதையின் கிணறுகளையும் தங்குமடங்களையும் அடையாளங்கண்டு பதிவுசெய்தல், மலையகத்து முதியோர் நினைவில் எஞ்சிய கதைகளைத் தொகுத்தல் ஆகியன பல்கலைக்கழகத்தார் கையிலுள்ள பணிகள். அடுத்த முறை மாத்தளை வழியாகத் தம்புள்ளைக்குப் பேருந்திற் செல்லும் மாணவர், சாளரத்தின் வழியே விகாரையை மட்டுமன்றிப் பாதையோரத்தையும் ஒருகணம் நோக்குவாராக. கல்வெட்டில்லாத அம்மண்ணிலும் நம் வரலாறு கிடக்கின்றது.