வாளையாற்று எல்லையும் நிறைப்பெயர்களும்

கோயம்புத்தூரிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியே மேற்கு நோக்கிச் செல்லும் சாலையில், தமிழகமும் கேரளமும் சந்திக்கும் இடம் வாளையார். 1956 நவம்பர் 1 வரை இங்கு மாநில எல்லை இல்லை. கோயம்புத்தூர் மாவட்டமும் மலபார் மாவட்டமும் சென்னை மாநிலத்தில் அடங்கியிருந்தன. அதே ஆண்டின் இறுதியில் எடை, அளவைத் தரச் சட்டம் இயற்றப்பட்டது. 1958 அக்டோபரில் தெரிந்தெடுத்த பகுதிகளில் தொடங்கிய மெட்ரிக் எடைமுறை, 1962 ஏப்ரல் முதல் நாடெங்கும் கட்டாயமாயிற்று. மொழிவழி எல்லை பிரித்த இரு நிலப்பகுதிகளையும் ஒரே நிறையலகு இணைத்தது. எனினும், பழைய நிறைப்பெயர்கள் ஆவணங்களிலும் பேச்சிலும் எஞ்சின. அவற்றைப் பெயர்ப்போர்க்கு எழும் இடர்ப்பாடு எண் கணக்கைச் சார்ந்ததன்று, சொற்பொருளைச் சார்ந்தது.

சென்னை வாய்ப்பாட்டில் 3 தோலா ஒரு பலம். 40 பலம் ஒரு வீசை. 8 வீசை ஒரு மணங்கு. 20 மணங்கு ஒரு பாரம். தோலா 180 கிரெயின், அதாவது 11.66 கிராம் ஆதலின், வீசை ஏறத்தாழ 1.4 கிலோகிராமும் மணங்கு 11.2 கிலோகிராமும் ஆகும். வங்காள வாய்ப்பாட்டிலோ 80 தோலா ஒரு சேர். 40 சேர் ஒரு மணங்கு. அதன் நிறை 37.32 கிலோகிராம். ஆங்கில ஆவணங்கள் இவ்விரண்டையும் 'மாண்ட்' என்ற ஒரே சொல்லால் குறித்தன. எனவே பத்து மணங்கு என்னும் குறிப்பு, இடத்தைப் பொறுத்து 112 கிலோகிராமாகவோ 373 கிலோகிராமாகவோ அமையும். மலையாள வழக்கிலுள்ள துலாம் நூறு பலம் கொண்டது. பலத்தின் நிறை ஊர்தோறும் வேறுபட்டமையால் துலாமும் வேறுபட்டது.

பிரித்தானிய அலகின் பெயர்களும் இவ்வாறே கிளைத்தன. 453.6 கிராம் நிறையுள்ள பவுண்டைக் குறிக்க, அரபு மூலமுடைய இராத்தல் என்னும் சொல் தமிழிலும் மலையாளத்திலும் வழங்கிற்று. இலங்கைத் தமிழில் 450 கிராம் பாண் இன்றும் 'ஒரு இறாத்தல் பாண்' எனப்படுகிறது. 'பவுண்ட்' என்னும் ஆங்கிலச் சொல்லோ, 7.988 கிராம் நிறையுடைய ஒரு பவுண்டு மதிப்புப் பொற்காசின் வழியாகத் தமிழில் பவுன் எனவும் மலையாளத்தில் பவன் எனவும் திரிந்தது. இன்று வாளையாற்றின் இருபுறமும் அது 8 கிராம் பொன்னைக் குறிக்கிறது. நாணயத்தின் பெயர் நிறையின் பெயராகி, மெட்ரிக் முழு எண்ணுக்கு இசைந்துகொண்டது.

நிறைப்பெயர்களின் முதலெழுத்துகள் க, ச, த, ப, ந, ம, வ, அ, உ என ஒன்பது என்பது தொல்காப்பியர் கொள்கை. பலம், வீசை, மணங்கு மட்டுமன்றிப் பிற்காலத்துக் கிராமும் கிலோவும் இவ்வரையறைக்குள் அடங்குகின்றன. இராத்தலும் டன்னும் அடங்கவில்லை. வந்த சொற்களை மொழி இரு நிலையிலும் ஏற்றது.

ஆதலின், நிறைப்பெயரை மாற்றுமுன் அதன் இடம், காலம், எடையிடப்பட்ட பொருள் ஆகிய மூன்றையும் துணிதல் வேண்டும். மூலச் சொல்லை அவ்வாறே நிறுத்தி, கிலோகிராம் அளவை உடன் தருதல் தக்கது. சொல்லை நீக்கி எண்ணை மட்டும் நிறுத்தினால், பிழை நேர்ந்தவிடத்து அதனைத் திருத்தும் வழியும் மறைந்துவிடும்.