பங்காளிகளின் பின்னல்

ஒரு பனியன் ஒரே கூரையின் கீழ் உருவாவதில்லை. திருப்பூரில் நூல் ஒரு நிட்டிங் கம்பெனிக்குப் போகிறது, துணி சாயப்பட்டறைக்கு, பிறகு காம்பாக்டிங், கட்டிங், பவர் டேபிள், செக்கிங் என்று ஊரையே சுற்றி வருகிறது. பெரிய முதல் இல்லாதவர்களும் இப்படி வேலையைப் பகிர்ந்துதான் உலகச் சந்தையை எட்டினார்கள். 1990-இல் ஏற்றுமதியாளர்கள் தமக்கென ஒரு சங்கமும் கண்டார்கள்.

இந்த வலைப்பின்னலை ஆராய்ந்த ஷரத் சாரி, 2004-இல் வந்த தன் நூலுக்குச் 'சகோதர மூலதனம்' என்று பொருள்படும் தலைப்பை வைத்தார். அவர் சந்தித்த முதலாளிகளில் பலர் கவுண்டர் சாதி உழவர் குடும்பங்களிலிருந்து வந்து, கம்பெனிகளில் வேலை பார்த்து, பிறகு கூட்டுச் சேர்ந்து உயர்ந்த ஆண்கள். வளர்ச்சிக்குக் காரணம் 'உழைப்பு' என்றார்கள். அவர்கள் உழைத்ததை நான் மறுக்கவில்லை. ஆனால் கடனுக்கு நூல் கிடைக்கவும், அவசர ஆர்டரைப் பகிரவும் உழைப்பு மட்டும் போதாது; பங்காளி, மாமன், மச்சான் என்ற நம்பிக்கை வேண்டும். மச்சான் என்ற உறவோ ஒரு பெண் வழியாகத்தான் வருகிறது. அவள் கொண்டுவந்த நகையும் சீரும் முதலாகக் கரைந்த வீடுகள் உண்டு. அவள் பங்காளி ஆனாளா? (வரிக்காகச் சேர்த்த பெயர் வேறு கதை.)

ஏற்றுமதி பெருகிய 1980-களுக்குப் பின் பெண்கள் திரளாக உள்ளே வந்தார்கள், பெரும்பாலும் கைமடியாகவும் செக்கிங்கிலும். அவர்களுக்கு இந்தப் பின்னல் வேறு முகம் காட்டியது. கூலி பாக்கி என்றால் காண்ட்ராக்டர் கம்பெனியைக் காட்டுவார். கம்பெனி பையரைக் காட்டும். பையரோ, அது சப்ளையரின் பொறுப்பு என்பார். சரக்கு கைமாறும் இடமெல்லாம் பொறுப்பு கழன்றுகொண்டே போனது.

2021 ஜனவரியில் திண்டுக்கல் மாவட்டத்தில் ஓர் ஆயத்த ஆடை ஆலையின் இளம் தலித் தொழிலாளி கொல்லப்பட்டார். மேற்பார்வையாளர் அவரை மாதக்கணக்கில் தொந்தரவு செய்துவந்ததாகக் குடும்பத்தாரும் உடன் வேலை செய்தவர்களும் சொன்னார்கள். தலித் பெண்கள் தலைமையேற்ற தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம், காவல் நிலையத்தோடு நிற்கவில்லை; சரக்கு போன வழியிலேயே பின்தொடர்ந்தது. ஆசியத் தரைக்கூலிக் கூட்டணியும் ஓர் அமெரிக்கத் தொழிலாளர் உரிமை அமைப்பும் துணை நின்றன. 2022 ஏப்ரலில் திண்டுக்கல் ஒப்பந்தம் உருவானது. திருப்பூரின் ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸும் எச் அண்ட் எம்மும் கையெழுத்திட்டன. கேப், பிவிஎச் பின்னர் சேர்ந்தன.

இதன் பிடி வணிகத்தில்தான் இருக்கிறது. ஆலை ஒப்பந்தத்தை மீறினால், வாங்கும் நிறுவனம் அதற்கு வியாபார ரீதியான விளைவை ஏற்படுத்தியாக வேண்டும். உற்பத்தித் தளத்தில் 25 பேருக்கு ஒருவர் என்ற கணக்கில், தொழிலாளர்களிடையே பயிற்சி பெற்ற கண்காணிப்பாளர்கள். பாலியல் துன்புறுத்தலோடு சாதிப் பாகுபாட்டையும் அவர்கள் முறையிடலாம். சகோதரர்கள் தமக்காகக் கட்டிய கண்ணிகளை அந்த நூலாலேயே பெண்கள் தம் பக்கம் இழுத்தார்கள் என்றுதான் இதை நான் வாசிக்கிறேன்.

ஆனால் ஒப்பந்தம் எட்டியது அந்த நிறுவனத்தின் திண்டுக்கல் ஆலைகளை மட்டும்தான். நாலைந்து தையல் இயந்திரங்களோடு சந்துகளில் ஓடும் ஜாப் ஒர்க் கூடங்களில் பிசிறு வெட்டும் கைமடிப் பெண்ணுக்கு, தான் வெட்டும் துணி எந்த நாட்டுக்குப் போகிறது என்பதைக்கூட இன்னும் யாரும் சொல்வதில்லை.